கையெழுத்துப் போடும் முன் கேம்பரை ஒரு முறை முழுசாக விரித்துப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நாங்கள் மெல்பர்னில் டார்னீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். புதிதாக ஒரு ஃபார்வர்ட் ஃபோல்ட் கேம்பர் டிரெய்லர் (மேல்மூடியை முன்பக்கமாகத் திருப்பிப் போட்டால் துணிக் கூடாரம் விரியும் வகை) வாங்கியிருக்கிறோம். முன்பணம் கட்டியாச்சு, வரும் சனிக்கிழமை டெலிவரி. டேர் 1380 கிலோ, ஏ.டி.எம். 1900 கிலோ, தண்ணீர் டேங்க் 150 லிட்டர். இழுக்கப் போவது எங்கள் டொயோட்டா க்ளூகர் ஹைப்ரிட் கார். அரை மணி நேரம் போதும், கையெழுத்துப் போட்டு மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள், ஏதாவது குறை தெரிந்தால் வாரண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டீலர். புதுச் சாமானில் பார்க்க என்ன இருக்கிறது என்று மச்சானும் கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஈஸ்டருக்கு ஹால்ஸ் கேப்பில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம், நேரே அங்கே இழுத்துக்கொண்டு போகலாமா?

பதில்: தம்பி, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள்: கார் ஒரு தொழிற்சாலையில் ரோபோவும் சோதனைக் கருவியும் வைத்துச் செய்யப்பட்டு வருகிறது, கேம்பர் டிரெய்லர் அப்படி வருவதில்லை. ஒரு இடத்தில் வெல்டிங், இன்னொரு இடத்தில் கேன்வாஸ் தையல், வயரிங் ஒருவர், கேஸ் இன்னொருவர் என்று பல கை மாறி, பெரும்பாலும் கையாலேயே சேர்த்து முடிக்கிற சாமான் அது. நிறைய டிரெய்லர்கள் மடித்த நிலையில் கப்பலில் வந்து இங்கே சக்கரம் மாட்டப்படுகின்றன. ஆஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2022இல் புதுக் கேரவன் வாங்கியவர்களைக் கேட்டு ஒரு அறிக்கை வெளியிட்டது. பதில் சொன்னவர்களில் 80 சதவீதம் பேர் தங்கள் வண்டியில் ஏதோ ஒரு குறை இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். குறை கண்டவர்கள்தான் முந்திக்கொண்டு பதில் எழுதியிருப்பார்கள் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் அது சின்ன எண்ணிக்கை இல்லை. டிரெய்லர் ரிப்பேர்தான் என் தொழில், என்னிடம் வருகிற வண்டிகளிலும் நான் பார்ப்பது அதுதான்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். மீதிப் பணம் உங்கள் கையில் இருக்கும்வரை, நீங்கள் காட்டுகிற குறையை அன்றே சரி செய்துவிட வேண்டும் என்ற அவசரம் டீலருக்கு இருக்கும். பணம் போய்விட்டால் அதே குறைக்கு ஒர்க்‌ஷாப்பில் தேதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டும், வேலை நாளில் லீவு போட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும், அவர்கள் உற்பத்தியாளருக்கு எழுதிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை இரண்டு மாசம் ஆகும். ஆகவே அரை மணி நேரம் என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், முழுசாக விரித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒழுங்கான டீலர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

போனதும் கேன்வாஸைத் திறக்கத்தான் கை பரபரக்கும். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உயிர் சம்பந்தப்பட்டவை.

டிரெய்லரின் முன்னால், காரோடு மாட்டும் டிராபார் கம்பியில் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள வி.ஐ.என்., அதாவது வாகன அடையாள எண், 17 எழுத்தும் எண்ணும், சேஸியில் அடித்திருப்பதும், உங்கள் ஒப்பந்தக் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாலை வாகனத் தரச் சட்டப்படி, புது டிரெய்லர் விற்கப்படும் முன் மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். வி.ஐ.என்னைப் போட்டு யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே நின்றுகொண்டே போனில் தேடிவிடுங்கள். பதிவேட்டில் இல்லை என்றால் அன்று வேறு எதையும் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அதே தகட்டில் எடைகள் இருக்கும். டேர் என்பது வெறும் டிரெய்லரின் எடை. ஏ.டி.எம். என்பது சாமான் ஏற்றி, காரில் மாட்டாமல் தனியாக நிறுத்தினால் இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. உங்கள் கணக்குப்படி 1900இல் 1380 போக மிச்சம் 520 கிலோ. கேட்க நிறைய மாதிரி இருக்கும். டேங்க் நிறையத் தண்ணீர் பிடித்தாலே 150 போச்சு. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, சிலிண்டரின் சொந்த எடையோடு கிட்டத்தட்ட 40. ஃப்ரிட்ஜும் அதற்குள் இருக்கிற சாப்பாடும், பக்கவாட்டில் கட்டும் கூடுதல் கூடாரமான அனெக்ஸும் அதன் கம்பிகளும், மெத்தை விரிப்பு, நாற்காலி, கருவிப் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் என்று போட்டுக்கொண்டே வந்தால் 520 எங்கே போனது என்று தெரியாது. அதைவிட, டேர் என்று தகட்டில் எழுதியிருப்பது உண்மையான எடைதானா என்பதே முதல் கேள்வி. இரண்டாவது பேட்டரி, சோலார் பேனல், கூரை ரேக் என்று டீலர் பிறகு போட்டுக்கொடுத்தவை அதில் சேர்ந்திருக்காது. எடுத்துக்கொண்டு போகும் வழியில் பொது எடை மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள். முடிந்தால் பணம் கட்டும் முன்பே டீலரிடம் அந்தச் சீட்டைக் கேளுங்கள்.

க்ளூகர் ஹைப்ரிட் பிரேக் உள்ள டிரெய்லரை 2000 கிலோ வரை இழுக்கலாம், ஆக 1900 சரிதான். ஆனால் நிறையப் பேர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். டிரெய்லரின் முன்பக்கம், காரின் பின்னால் அதை மாட்டுகிற பந்தில் அழுத்துகிற எடை, பொதுவாக ஏ.டி.எம்மில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு ஏறக்குறைய 190 கிலோ, காரின் சுமையில் சேரும். நீங்கள் நான்கு பேர், பின்னால் டிக்கி நிறையப் பெட்டி, அதோடு இந்த 190. அந்தப் பந்தைத் தாங்கும் டோபாரின் தகட்டில் பந்து எடைக்கு ஒரு வரம்பு எழுதியிருக்கும், காரின் கையேட்டில் ஜி.வி.எம்., அதாவது ஆட்களும் சுமையும் சேர்ந்து காருக்கு அனுமதித்த மொத்த எடை, இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு போய், டிரெய்லரின் பந்து எடையை உங்கள் கண்ணுக்கு முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள், அதற்கென்று ஒரு சின்னத் தராசு உண்டு. முன்பக்க எடை ரொம்பக் குறைந்தால் ஹைவேயில் பின்னால் டிரெய்லர் வாலாட்டும். அது ஆரம்பித்துவிட்டால் கட்டுப்படுத்துவது மிகக் கஷ்டம், பிள்ளைகளோடு போகிற வண்டியில் அதற்கு இடம் கொடுக்கவே கூடாது.

பிரேக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்த இடம் இது: காரில் பிரேக் கன்ட்ரோலர் போட்டாச்சா என்று நீங்கள் எழுதவே இல்லை. டிரெய்லரில் இருப்பது எலக்ட்ரிக் பிரேக் என்றால், காருக்குள் கன்ட்ரோலர் இல்லாமல் அது வேலையே செய்யாது, 1900 கிலோவையும் காரின் பிரேக்தான் நிறுத்தியாக வேண்டும். இங்கே சட்டப்படி சக்கரங்கள் மேல் நிற்கும் எடை 750 கிலோவைத் தாண்டினாலே டிரெய்லருக்கு வேலை செய்கிற பிரேக் வேண்டும். போட்டிருக்காவிட்டால் டெலிவரியைத் தள்ளிப் போடுங்கள், இதில் சமாதானம் வேண்டாம். போட்டிருந்தால், டீலரின் யார்டிலேயே மாட்டி, மெதுவாக நகர்த்தி, காரின் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரில் உள்ள பட்டனை மட்டும் அழுத்துங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிவிட்டு, காருக்குள் ஒருவரை அந்தப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு சக்கரமும் நிற்கிறதா? ஒன்று மட்டும் நின்றால் மற்றதில் வயர் இணைப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம், புது வண்டியில் இது அபூர்வம் இல்லை.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், பேரிங் தளர்ந்திருந்தால் கையில் தெரியும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். வெகுநாள் யார்டில் கிடந்த வண்டியா என்பதை அது சொல்லிவிடும். ஸ்பேர் டயரையும் பார்க்க மறக்காதீர்கள்.

பழைய பாய் ஒன்றும் நல்ல டார்ச் ஒன்றும் எடுத்துப் போங்கள், ஏனென்றால் அடுத்தது அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். டீலர் சொல்லாத விஷயங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆக்ஸில் ஓரமாகப் போகிற பிரேக் வயரைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஸ்பிரிங்கையோ ஷாக் அப்சார்பரையோ எங்காவது தொட்டுக்கொண்டு போகிறதா? நின்றிருக்கும்போது ஒரு விரல் இடைவெளி இருந்தாலும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் மேலே வரும், அப்போது உரசும். போன வருஷம் ஒருவர் பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். வயரின் மேல்தோல் ஸ்பிரிங் தகட்டில் உரசி உரசி ஒரு விரல் நீளத்துக்குச் சுத்தமாகப் போய், உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று சேஸியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாங்கி ஒரு கோடை கூட முடியவில்லை. இரண்டு பிளாஸ்டிக் கட்டுப் பட்டையில் தடுத்திருக்க வேண்டியது அது. வயரைப் பார்த்த கண்ணோடு, ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடித்து வைக்கும் யூ போல்ட் நட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, தண்ணீர் டேங்கைத் தாங்கும் பட்டைகள் இறுக்கமா, கேஸ் குழாய் கல் அடிக்கிற இடத்தில் மூடியில்லாமல் தொங்குகிறதா, வெல்டிங்கில் எங்காவது மயிரிழை மாதிரிக் கோடு தெரிகிறதா, பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். அன்று கண்ணில் படாதது இரவு வீட்டில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது படும்.

கேஸுக்கு, உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டரின் சான்றிதழை வாங்காமல் வராதீர்கள். அடுப்பை ஏற்றிப் பாருங்கள், சுடர் நீலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். சிலிண்டரைத் திறந்துவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரக் கூடாது. வீட்டில் கிடக்கிற பழைய சிலிண்டரை மாட்டப் போகிறீர்கள் என்றால் கழுத்தில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள், சோதனை செய்து பத்து வருஷம் தாண்டியதை நிரப்பித் தர மாட்டார்கள்.

மின்சாரத்தில் இரண்டு பக்கம். 12 வோல்ட் பக்கம், எல்லா விளக்கும் பம்ப்பும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் ஓடட்டும், ஒன்று ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் குறை தெரியாது. காரை ஸ்டார்ட் செய்து, காரிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்குச் சார்ஜ் தருகிற ஆண்டர்சன் பிளக்கை மாட்டினால் பேட்டரி வோல்ட் ஏற வேண்டும். அப்படியே நின்றால் வழியில் சார்ஜ் ஆகப் போவதில்லை, இரண்டாம் நாள் ஃப்ரிட்ஜில் இருக்கிற மீன் கெட்டுப்போகும்போதுதான் தெரியவரும். 240 வோல்ட் பக்கம், யார்டிலேயே மெயின்ஸ் கொடுத்து பாதுகாப்பு சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். டிரெய்லரின் பிளக் 15 ஆம்பியராக இருக்கும், வீட்டின் சாதாரண 10 ஆம்பியர் சாக்கெட்டில் எர்த் பின் நுழையாது. அதை அரம் வைத்துத் தேய்த்து நுழைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லித்தியம் பேட்டரி என்றால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இப்போதைய தரவிதி, அதிலிருந்து வருகிற வாயு படுக்கிற இடத்துக்குள் புகும்படி வைக்க அனுமதிப்பதில்லை.

இனி கேன்வாஸ். டெலிவரி அன்று வண்டியை விரித்து ஹோஸ் பைப்பில் இருபது நிமிஷம் நல்ல மழை மாதிரி அடித்துக் காட்டுங்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். நீங்கள் உள்ளே போய் நிற்க வேண்டும், வெளியே இல்லை. புதுக் கேன்வாஸில் தையல் ஊசி போன ஓட்டைகளில் லேசாக ஈரம் கசியும், பொட்டுப் பொட்டாக நிற்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். புதுப் பானையைப் பழக்குவது மாதிரி கேன்வாஸையும் பழக்க வேண்டும்: வீட்டுக்கு வந்ததும் முழுசாக நனைத்து, முழுசாகக் காயவிட்டு, மறுபடி நனைத்து என்று இரண்டு மூன்று தடவை செய்தால் நூல் உப்பி ஓட்டை மூடிக்கொள்ளும். நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாதது ஓடுகிற தண்ணீர். ஒரே இடத்திலிருந்து கோடாக வழிகிறது என்றால் அது தையல் தவறு, அல்லது துணியைச் சட்டத்தில் செருகும் தடத்தில் இடைவெளி. ஃபார்வர்ட் ஃபோல்டில் மூடி திரும்பி விழுகிற கீல் பக்கம்தான் பலவீனமான இடம், அங்கே மெத்தையின் விளிம்பை அமுக்கிப் பாருங்கள், கை நனைந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னல் ஜிப் எல்லாவற்றையும் கடைசிவரை இழுத்துத் திரும்ப மூடுங்கள், மூலைகளில் சிக்கும். ஏற்கனவே விரிப்பில் கருப்புப் புள்ளியோ மக்கல் வாடையோ இருந்தால் ஈரத்தோடு மடித்து வைத்த வண்டி. துடைத்துத் தருகிறோம் என்பார்கள், அந்தப் பூஞ்சைக் கறை போகாது, வேறு கேன்வாஸ் கேளுங்கள்.

தூசிக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு காகிதத் துண்டைக் கதவு விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் ஒவ்வொரு சாணுக்கும் செய்யுங்கள், காகிதம் சும்மா உருவி வருகிற இடத்தில் மண் ரோட்டுத் தூசி அரிசி டப்பாவரை வரும். சமையல் தட்டு, டிராயர், பூட்டு எல்லாம் கைக்குச் சுலபமாக வேலை செய்கிறதா என்பதை உங்கள் மனைவியும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். விரிப்பதையும் மடிப்பதையும் டீலரின் ஆள் செய்ய விடாதீர்கள். அவர் பக்கத்தில் நிற்க, நீங்கள் இரண்டு பேரும் செய்யுங்கள், வீடியோவும் எடுங்கள். இருட்டில் மழையில் போய்ச் சேரும்போது அந்த வீடியோவுக்கு விலையே கிடையாது.

கண்டதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் தேதிக்குள் சரி செய்யப்படும் என்று டீலர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், ஒரு பிரதி உங்களுக்கு. பிரேக், பந்தைப் பிடிக்கிற கப்ளிங், அது விட்டால் தாங்குகிற சங்கிலி, கேஸ், ஓடுகிற தண்ணீர், இவற்றில் ஒரு குறை இருந்தாலும் சரியாகும்வரை வண்டியை எடுக்காதீர்கள். கீறல், தளர்ந்த கைப்பிடி மாதிரி என்றால் எழுதி வாங்கிக்கொண்டு எடுக்கலாம். “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சடித்த காகிதத்தை நீட்டினால், “இணைத்துள்ள பட்டியல் தவிர” என்று கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

வாரண்டியில் பார்க்கலாம் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. வாரண்டி உற்பத்தியாளர் கொடுப்பது. அதற்கு மேலே ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் கொடுக்கிற உத்தரவாதம் தனியாக இருக்கிறது, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் அது போகாது. விற்றவர்தான் பொறுப்பு, “கம்பெனியைக் கேளுங்கள்” என்று கை கழுவ முடியாது. பெரிய குறை என்றால் பணமா, மாற்று வண்டியா, ரிப்பேரா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு. சின்னச் சின்னக் குறைகள் பல சேர்ந்தாலும் பெரிய குறையாகக் கொள்ளலாம் என்று 2020இல் சட்டத்தைத் தெளிவாக்கினார்கள். தகராறு வந்தால் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியா, அதற்கு மேல் வீகேட் என்கிற விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே பேசப்போவது உங்கள் போட்டோவும் அந்தத் தாளும்தான், அதனால்தான் எழுதி வாங்கச் சொல்கிறேன்.

ஹால்ஸ் கேப்புக்கு நேரே போக வேண்டாம். ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல், ஈஸ்டர் கூட்டத்தில் வழியில் ஒன்று ஆனால் உதவிக்கு ஆள் கிடைக்காது, ஒர்க்‌ஷாப் எல்லாம் மூடியிருக்கும். முதல் ராத்திரி வீட்டு வாசலில் விரித்துப் படுங்கள், பிள்ளைகளுக்கும் அது கொண்டாட்டம்தான். அடுத்த வாரம் பல்லாரட் பக்கம் ஒரே ஒரு ராத்திரி. கிளம்பி 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் கையை வையுங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் உரசுகிறது அல்லது பேரிங் சரியில்லை. ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லி கையேட்டில் இருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். ஹால்ஸ் கேப் இடத்தை விட வேண்டாம், இந்த முறை காரில் சாதாரணக் கூடாரத்தோடு போய் வாருங்கள்.

நாளைக் காலை டீலருக்குப் போன் போட்டு, சனிக்கிழமைக்குப் பதில் வேலை நாள் ஒன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள், காலை ஒன்பது மணிக்கு. சனிக்கிழமை விற்பனை ஆட்கள்தான் இருப்பார்கள். நீங்கள் குறை காட்டும்போது ஸ்பானர் பிடிக்கிற ஆள் அங்கே இருக்க வேண்டும்.